இயர்போன்ல மியூசிக் கேக்குது, குரல் கேக்கல: சவுண்ட் ஐசி போயிடுச்சா?

கேள்வியை முதல்ல சுருக்கமா திருப்பி எழுதிடறேன், ஏன்னா அதுல மூணு விஷயம் ஒண்ணா கலந்து கிடக்கு. வீட்ல அசெம்பிள் பண்ணின கம்ப்யூட்டர், விண்டோஸ் 10. மொபைலுக்குன்னு வாங்கின மைக் வெச்ச இயர்போனை கேபினட் முன்பக்கம் சொருகினா வாத்தியம் எல்லாம் கேக்குது, பாடறவங்க குரல் மட்டும் எங்கயோ தூரத்துல கேக்குது, யூடியூப்ல பாடம் போட்டா வாத்தியார் வாயசைக்கறது மட்டும்தான் தெரியுது. பின்பக்கம் போட்ட சின்ன யூஎஸ்பி ஸ்பீக்கர்ல குரல் ஒழுங்கா வருது, ஆனா மௌஸை நகர்த்தினா கீச்சுங்குது, பேஜை ஸ்க்ரோல் பண்ணினா ர்ர்ர்னு இழுக்குது. விண்டோஸை புதுசா போட்டுப் பாத்தாச்சு, டிரைவரும் மாத்தியாச்சு, கடைக்காரர் சவுண்ட் ஐசி, அதாவது மதர்போர்டுல சத்தத்தை கவனிக்கற சிப், போயிடுச்சு மதர்போர்டு மாத்தணும்னுட்டார். கடைசி வரியில போற போக்குல, கேபினட்டை தொட்டா லேசா சுர்ருங்குதுன்னும் எழுதியிருக்கீங்க. நீங்க கேட்டது எந்த மதர்போர்டு வாங்கலாம்னு, ஆனா அதுக்கு முன்னாடி மாத்தணுமாங்கற கேள்வி இருக்கு இல்லையா, அதுக்குத்தான் பதில் சொல்றேன். எழுதினதை வெச்சு பாத்தா வேண்டாம், ஐசி நல்லாத்தான் இருக்கு.

நான் கம்ப்யூட்டர் சர்வீஸ், கூடவே ஆம்ப்ளிஃபையர் ஸ்பீக்கர் ரிப்பேர்னு ரொம்ப வருஷமா இதே வேலையிலதான் இருக்கேன். சவுண்ட் ஐசி செத்துப்போன போர்டு வராம இல்ல, இடி மின்னலுக்கு அப்புறம் வரும், ஆனா செத்தது இப்படி நடந்துக்காது. பெரும்பாலும் மொத்தமா ஊமையாயிடும், இல்லன்னா டிவைஸ் மேனேஜர்ல ஆடியோ டிவைஸே தெரியாது. குரலை மட்டும் தேடிப் பிடிச்சு அழிச்சுட்டு வயலினை விட்டுவைக்கற அளவுக்கு ஒரு ஐசிக்கு ரசனை கிடையாது. உங்க மூணு தொல்லைக்கும் பொதுவா ஒரு ஒயர் இருக்கு, கிரவுண்ட், அதாவது கரண்ட் திரும்பிப் போற பொதுவான ஒயர். இயர்போன்ல அது சேராம நிக்குது, ஸ்பீக்கர்ல அது ரெண்டு வழியா சேர்ந்திருக்கு, கேபினட்ல அது எர்த்ங்கற பேர்ல சுவத்துக்குள்ள போய் சேராம நடுவுல எங்கயோ அறுந்திருக்கு. முதலாவதை அடிச்சு சொல்வேன், ரெண்டாவது கிட்டத்தட்ட உறுதி, மூணாவதுக்கு உங்க வீட்டு பிளக் பாயிண்டை ஒருத்தர் வந்து பாத்தாகணும்.

இயர்போனை எடுத்துக்கங்க. பின் நுனியில கறுப்பு வளையம் எத்தனை இருக்குன்னு எண்ணுங்க. ரெண்டு இருந்தா அது மூணு பாகமா பிரிஞ்ச சாதா ஹெட்போன் பின், இடது, வலது, கிரவுண்ட், அவ்வளவுதான். மூணு கறுப்பு வளையம் இருந்தா நாலு பாகம், மைக்குக்கு ஒண்ணு கூடுதல். மொபைலுக்குன்னு விக்கற, இந்த மாதிரி பின்னும் மைக்கும் வெச்ச இயர்போன் எல்லாம் பெரும்பாலும் நாலு பாகம்தான். இப்ப சந்தையில இருக்கற பெரும்பாலானதுல நுனி இடது, அடுத்தது வலது, மூணாவது கிரவுண்ட், ஒயர் பக்கத்துல இருக்கற கடைசி பாகம் மைக், இந்த அமைப்புக்கு சிடிஐஏன்னு பேரு. பழைய நோக்கியா போன் பலதுல மைக்கும் கிரவுண்டும் இடம் மாறி இருக்கும், அது ஓஎம்டிபி. கம்ப்யூட்டர் முன்பக்கத்துல ஹெட்போன் ஒரு ஓட்டை, மைக் ஒரு ஓட்டைன்னு தனித்தனியா இருந்தா ஹெட்போன் ஓட்டை மூணு பாக பின்னுக்காக செஞ்சது. அதுல கிரவுண்ட் தகடு கடைசி பாகத்தைத்தான் தேடிப்போய் தொடும். உங்க இயர்போன்ல கடைசி பாகம் மைக். அப்ப நிஜ கிரவுண்ட் எதுலயும் படாம அந்தரத்துல நிக்குது. எல்லா ஓட்டையிலயும் இப்படி ஆகாது, சிலதுல தகடு கொஞ்சம் அகலமா இருந்து ரெண்டு பாகத்தையும் சேர்த்து தொட்டுடும், அதனாலதான் பக்கத்து வீட்டு கம்ப்யூட்டர்ல இதே இயர்போன் ஒழுங்கா வேலை செய்யும், நம்மளது மட்டும் மக்கர் பண்ணும்.

கிரவுண்ட் இல்லாம போனா எதுக்கு குரல் மட்டும் போகணும்? சாதாரணமா இடது காது ஸ்பீக்கருக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல கரண்ட் ஓடும், வலதுக்கும் அதே மாதிரி தனியா ஓடும். கிரவுண்ட் அறுந்தா ரெண்டு காது ஸ்பீக்கரும் ஒண்ணோட ஒண்ணு தொடரா சேர்ந்து, இடது ஒயருக்கும் வலது ஒயருக்கும் நடுவுல மாட்டிக்கும். அப்ப ரெண்டு பக்கமும் வித்தியாசமா இருக்கற சத்தம் மட்டும்தான் காதுக்கு வரும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கறது கயிறு இழுக்கற போட்டியில ரெண்டு அணியும் சமமா இழுத்தா கயிறு நின்ன இடத்துலயே நிக்கற மாதிரி அசையாம போயிடும். பாட்டை மிக்ஸ் பண்றப்ப பாடறவங்க குரலை நட்ட நடுவுல வெப்பாங்க, அதாவது இடதுலயும் வலதுலயும் சம அளவு. வாத்தியங்களை அங்கங்க பரத்தி வெப்பாங்க. அதான் குரல் கரைஞ்சு வாத்தியம் மிஞ்சுது. பேஸும் பெரும்பாலும் நடுவுலதான் வெப்பாங்க, அதனால அதுவும் கூடவே ஒல்லியாயிருக்கும், கவனிச்சுப் பாருங்க. குரலோட எதிரொலி மட்டும் லேசா கேக்கும், ஏன்னா எதிரொலி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. மோனோவா, அதாவது ரெண்டு பக்கமும் ஒரே சத்தமா பதிவான பழைய பாட்டு ஒண்ணு போட்டா மொத்தப் பாட்டுமே காணாம போகும், பாட வீடியோவுல வாத்தியார் ஊமையானதும் அதே கணக்குதான், பேச்சை பெரும்பாலும் ஒரே மைக்ல மோனோவாத்தான் பிடிப்பாங்க.

இதை காசு செலவில்லாம நீங்களே உறுதி பண்ணிக்கலாம். பாட்டு ஓடிட்டிருக்கறப்ப இயர்போன் ஒயர்ல இருக்கற கால் எடுக்கற பட்டனை அழுத்திப் பிடிங்க, வால்யூம் பட்டன் இல்ல, நடுவுல இருக்கறது. பிடிச்சிருக்கற வரைக்கும் குரல் வந்து, விட்டதும் போச்சுன்னா கேஸ் முடிஞ்சுது. அந்த பட்டன் உள்ளுக்குள்ள மைக் ஒயரையும் கிரவுண்டையும் ஷார்ட் பண்ற சமாச்சாரம்தான், அதை அழுத்தினதும் அந்தரத்துல நின்ன கிரவுண்டுக்கு மைக் வழியா ஒரு பாதை கிடைச்சுடுது. இன்னொண்ணு, பின்னை ஒரு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டர் வெளிய இழுத்துப் பாருங்க, ஒரு இடத்துல குரல் டக்குனு வரும். மூணாவது சோதனை எனக்கு ரொம்ப பிடிச்சது. விண்டோஸ் செட்டிங்ஸ்ல ஈஸ் ஆஃப் ஆக்ஸஸ் உள்ள ஆடியோன்னு ஒரு பகுதி இருக்கு, அங்க மோனோ ஆடியோவை ஆன் பண்ணுங்க, விண்டோஸ் 11 வெச்சிருக்கறவங்களுக்கு அது ஆக்ஸஸிபிலிட்டிங்கற பேர்ல இருக்கும். ஆன் பண்ணினதும் மிச்சமிருந்த மியூசிக்கும் கிட்டத்தட்ட செத்துப்போச்சுன்னா அது ஒயர் கோளாறுதான், சாஃப்ட்வேர்ல என்ன நோண்டினாலும் சரியாகாது. சோதனை முடிஞ்சதும் மறக்காம ஆஃப் பண்ணிடுங்க.

அதே இயர்போனை மொபைல்ல போட்டுப் பாருங்க. மொபைல்ல சுத்தமா கேட்டா இயர்போன் நல்லாயிருக்கு, ஓட்டைக்கும் பின்னுக்கும்தான் பொருத்தமில்ல. மொபைல்லயும் குரல் வரலன்னா பின்னுக்கு பக்கத்துல ஒயர் மடங்கற இடத்துல கிரவுண்ட் இழை அறுந்திருக்கு, அதுக்கு புது இயர்போன்தான் வழி, சால்டரிங் தெரிஞ்சவங்க பின்னை வெட்டி புதுசு வெக்கலாம், ஆனா அந்த ஒயர் மேல எனாமல் பூச்சு இருக்கும், அதை போக்காம ஈயம் பிடிக்காது, நூறு ரூபா இயர்போனுக்கு அந்தப் பாடு தேவையில்லங்கறது என் அபிப்ராயம். பொருத்தம்தான் பிரச்சனைன்னா கம்ப்யூட்டர் கடையில மொபைல் ஹெட்செட் ஸ்ப்ளிட்டர்னு கேளுங்க. ஒரு பக்கம் உங்க இயர்போனை சொருக ஒரு ஓட்டை, இன்னொரு பக்கம் பச்சை ஒண்ணு ரோஸ் ஒண்ணுன்னு ரெண்டு பின். பின் ரெண்டும் மூணு பாகமா இருக்கணும், ஓட்டை ஒண்ணுதான் இருக்கணும். இதே மாதிரி தெரியற இன்னொரு ஒயர் விக்கறாங்க, ஒரு பின் ரெண்டு ஓட்டைன்னு, ரெண்டு பேர் சேர்ந்து பாட்டு கேக்கறதுக்கு, அதை வாங்கிட்டு வந்தா எதுவும் மாறாது. சரியான ஸ்ப்ளிட்டர் போட்டா மைக்கும் சேர்ந்து வேலை செய்யும், ஆன்லைன் கிளாஸுக்கு ஆகும்.

இங்க ஒரு சின்ன சந்தேகத்தையும் சொல்லிடணும். சினிமாவுல வசனம் மட்டும் கேக்கல, பாட்டு எல்லாம் நல்லா வருதுன்னு யாராவது இதைப் படிச்சா, அது வேற கேஸ். விண்டோஸ்ல ஸ்பீக்கர் அமைப்பு 5.1னு, அதாவது ஆறு ஸ்பீக்கர் செட்டுன்னு தேர்வாகியிருக்கும், வசனம் நடு சேனலுக்குப் போகும், அந்த நடு ஸ்பீக்கரே வீட்ல இருக்காது. கண்ட்ரோல் பேனல்ல சவுண்ட் போய் பிளேபேக்ல உங்க ஸ்பீக்கரை தேர்ந்தெடுத்து கான்ஃபிகர் அழுத்தி ஸ்டீரியோன்னு மாத்தினா முடிஞ்சுது. சில போர்டோட வர்ற ரியல்டெக் மேனேஜர்ங்கற சவுண்ட் செட்டிங்ஸ் சாஃப்ட்வேர்ல கரோக்கி மாதிரி குரலை அடக்கற எஃபெக்ட் ஒண்ணும் இருக்கும், பிள்ளைங்க யாராவது அழுத்தி வெச்சிருக்கலாம். ஆனா உங்களுக்கு பின்பக்க ஸ்பீக்கர்ல குரல் வருது, விண்டோஸும் புதுசு, அதனால அதுக்கு வாய்ப்பு ரொம்ப கம்மி. மனசு கேக்கலன்னா விண்டோஸுக்கு பதிலா ஓடற இலவச சிஸ்டமான உபுண்டுவை ஒரு பென்டிரைவ்ல போட்டு இன்ஸ்டால் பண்ணாம அப்படியே பூட் பண்ணி ஒரு பாட்டு போட்டுப் பாருங்க, அங்கயும் இதே கதைன்னா விண்டோஸை திட்டறதை நிறுத்திடலாம். விண்டோஸ் திரும்பத் திரும்ப போடறதுக்கு முன்னாடி எல்லாரும் செய்ய வேண்டியது இது, ஏனோ யாரும் செய்யறதில்ல.

இப்ப ஸ்பீக்கர். அதுக்கு ரெண்டு ஒயர் போகுது, ஒண்ணு பச்சை ஜாக்ல சொருகற ஆடியோ, இன்னொண்ணு யூஎஸ்பி, அது வெறும் 5 வோல்ட் கரண்ட்டுக்கு மட்டும். பாட்டு யூஎஸ்பி வழியா வர்றதில்ல, பலர் வருதுன்னு நினைக்கறாங்க. ரெண்டு ஒயர்லயும் ஒரு கிரவுண்ட் இருக்கு, ரெண்டும் ஒரே கம்ப்யூட்டருக்குத்தான் போகுது, ஆக ஒரு வளையம் உருவாயிடுச்சு, கிரவுண்ட் லூப். மௌஸை நகர்த்தறப்ப, திரையில படம் மாறறப்ப பிராசஸரும் கிராபிக்ஸும் இழுக்கற கரண்ட் ஏறி இறங்கும், அந்த ஏத்த இறக்கம் போர்டோட கிரவுண்ட்ல கண்ணுக்குத் தெரியாத சின்ன வோல்டேஜ் வித்தியாசமா நிக்கும், ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையர் அதையும் பாட்டுன்னு நெனச்சு பெருசாக்கி குடுத்துடுது. மௌஸுக்கு ஏத்த மாதிரி சத்தம் மாறுதுன்னா எனக்கு முதல் சந்தேகம் எப்பவும் இதுதான். சோதனை ரொம்ப சுலபம், ஸ்பீக்கரோட யூஎஸ்பியை கம்ப்யூட்டர்ல இருந்து பிடுங்கி ஒரு மொபைல் சார்ஜர்லயோ பவர் பேங்க்லயோ சொருகுங்க, ஆடியோ பின் இருந்த இடத்துலயே இருக்கட்டும். பவர் பேங்க்ல போட்டா கீச்சு முழுசா நிக்கணும். நின்னுச்சுன்னா லூப்தான், சார்ஜரை நிரந்தரமா வெச்சுக்கலாம். மட்டமான சார்ஜர் சிலது தானே ஒரு இரைச்சல் போடும், அப்படி ஆனா வேற சார்ஜர் மாத்திப் பாருங்க. பவர் பேங்க்லயும் நிக்கலன்னா மட்டும் எனக்கு எழுதுங்க, அப்ப போர்டுல இருந்தே நாய்ஸ் வருதுன்னு அர்த்தம், அதுக்கும் மதர்போர்டு மாத்த வேண்டாம், கீழ சொல்றேன்.

முன்பக்க ஜாக்ல இதே கீச்சு கேட்டா காரணம் வேற மாதிரி. மதர்போர்டு மூலையில இருந்து கேபினட் முன்பக்கம் வரைக்கும் ஒரு மெல்லிசான ஒயர் கிராபிக்ஸ் கார்டு, ஃபேன் எல்லாத்தையும் உரசிக்கிட்டு போகுது, பல கேபினட்ல அதுக்கு இரைச்சலை தடுக்கற உறை, ஷீல்டே கிடையாது. ஓரமா ஒதுக்கி விட்டா கொஞ்சம் குறையும். அதே ஒயரோட முனையில பழைய கேபினட்டா இருந்தா ஏசி97, ஹெச்டி ஆடியோன்னு ரெண்டு கனெக்டர் தொங்கும், ஹெச்டி ஆடியோவைத்தான் போர்டுல சொருகணும். இன்டெல் ஹெச்டி ஆடியோ வந்தது 2004ல, அது இருக்கற போர்டுக்கு பழைய முறையான ஏசி97 கனெக்டரை சொருகினா ஹெட்போன் மாட்டினதே கம்ப்யூட்டருக்கு தெரியாது, ஸ்பீக்கர் பாட்டுக்கு கத்திட்டிருக்கும்.

மூணாவது விஷயம் நீங்க போற போக்குல எழுதினது, ஆனா நான் ரொம்ப கவலைப்படறது அதுக்குத்தான். கேபினட்டை தொட்டா சுர்ருங்கறது சகஜம்னு விட்டுடாதீங்க. கம்ப்யூட்டருக்கு பவர் குடுக்கற எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள்ள கரண்ட் நுழையற இடத்துல இரைச்சலை வடிகட்ட ரெண்டு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும், ஒண்ணு ஃபேஸ்ல இருந்து பாடிக்கு, இன்னொண்ணு நியூட்ரல்ல இருந்து பாடிக்கு. பாடி எர்த்தோட சேர்ந்திருந்தா அதுல கசியற துளி கரண்ட் பூமிக்குப் போயிடும். எர்த் இல்லன்னா பாடி நடுவுல மாட்டிக்கிட்டு 230ல பாதி, கிட்டத்தட்ட 115 வோல்ட்ல மிதக்கும், டெஸ்டர் வெச்சா மங்கலா எரியும். கரண்ட் ரொம்ப கம்மிங்கறதால சுர்ருனு மட்டும் தெரியுது. ஆனா அந்த கெப்பாசிட்டர் ஒரு நாள் ஷார்ட் ஆனாலோ உள்ள ஒரு ஒயர் உரசினாலோ அதே கேபினட்ல முழு சப்ளையும் வந்து நிக்கும், காப்பாத்த வேண்டிய எர்த் அங்க இல்ல. ஸ்பீக்கர்ல இதோட பங்கும் இருக்கலாம், பவர் பேங்க்ல நிக்கற சத்தம் சார்ஜர்ல போட்டா ம்ம்ம்னு கனமான இரைச்சலா திரும்பி வந்துச்சுன்னா அந்த கசியற கரண்ட் ஆடியோ ஒயர் வழியா வழி தேடுதுன்னு அர்த்தம். நம்ம சப்ளை 50 ஹெர்ட்ஸ், அதனால அந்த இரைச்சலும் கீழ்ஸ்தாயிலதான் இருக்கும், கீச்சுக்கும் இதுக்கும் காதே வித்தியாசம் சொல்லிடும்.

எர்த் எங்க அறுந்திருக்குன்னு நேர்ல பாக்காம நான் சொல்ல முடியாது. முதல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸை சந்தேகப்படுங்க, மூணு ஓட்டை இருக்கும், உள்ள ரெண்டு ஒயர்தான் ஓடும், மேல இருக்கற பெரிய ஓட்டை வெறும் அலங்காரம். எக்ஸ்டென்ஷன் இல்லாம சுவத்துல நேரா மூணு பின் சொருகியும் சுர்ருன்னா பாயிண்ட்லயே எர்த் வரலை, இல்ல எர்த் குழி காஞ்சு கிடக்கு. எலெக்ட்ரீஷியனை கூப்பிட்டு டெஸ்ட் லாம்ப் வெச்சு பாக்க சொல்லுங்க, நீங்க அதை செய்யாதீங்க. யூடியூப்ல சில பேர் அந்த ம்ம்ம் இரைச்சல், ஹம், போகறதுக்கு பிளக்ல எர்த் பின்னை கழட்டிடுங்கன்னு சொல்றாங்க, ஹம் போகலாம்தான், கூடவே ஆளும் போகலாம். நியூட்ரலையும் எர்த்தையும் பாயிண்ட்லயே சேர்த்து முடிச்சு போட்டுட்டு சரியாயிடுச்சுன்னு சொல்ற எலெக்ட்ரீஷியனும் உண்டு, அதையும் ஒத்துக்காதீங்க, நியூட்ரல் வெளிய எங்கயாவது அறுந்தா கேபினட்ல 230 வந்துடும்.

கரண்ட்ல நேரா ஓடற 2.1 ஸ்பீக்கர், அதாவது ரெண்டு சின்ன ஸ்பீக்கரும் ஒரு பேஸ் பெட்டியும் வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை, ஏன்னா இந்தக் கேள்வியைப் படிக்கறவங்கள்ல பாதிப்பேர் வீட்ல அதுதான் இருக்கும். ஹம் வந்தா ஆடியோ பின்னை கம்ப்யூட்டர்ல இருந்து பிடுங்கி எதையும் தொடாம தொங்க விட்டுப் பாருங்க. அப்பவும் அதே ம்ம்ம்னா பெரும்பாலும் ஸ்பீக்கர் உள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர் உப்பியிருக்கும், மாத்தினா சரியாகும், சின்ன செலவுதான். பின்னை எடுத்ததும் நின்னுட்டா வெளியில இருந்து வருது, எர்த்தை பாருங்க, அதே ஸ்பீக்கர்ல செட்டாப் பாக்ஸோ டிவியோ சேர்ந்திருந்தா அதை ஒவ்வொண்ணா கழட்டிப் பாருங்க. விட்டு விட்டு பட்பட்னு வெடிக்கற சத்தம் இதுல எதுவும் கிடையாது, அது பெரும்பாலும் டிரைவர் சமாச்சாரம் இல்லன்னா லூஸ் ஜாக். சத்தமே இல்லன்னா எச்டிஎம்ஐ மானிட்டர் டீஃபால்ட் டிவைஸா மாறியிருக்கும், டாஸ்க்பார் ஸ்பீக்கர் ஐகானை கிளிக் பண்ணி மாத்திக்கங்க. ப்ளூடூத் ஹெட்செட்ல மீட்டிங் ஆரம்பிச்சதும் பாட்டு ரேடியோ மாதிரி ஆயிடுதேன்னு கேக்கறவங்களுக்கு, மைக் ஆன் ஆனதும் அது தரம் குறைஞ்ச கால் மோடுக்கு மாறிடும், கோளாறு எதுவும் இல்ல.

மதர்போர்டுக்கு திரும்ப வர்றேன். மூணு பாக பின் இருக்கற சாதா ஹெட்போன் ஒண்ணு இரவல் வாங்கி பின்பக்க பச்சை ஜாக்ல நேரா போட்டுக் கேளுங்க, அந்த நேரம் ஸ்பீக்கரோட யூஎஸ்பியையும் கழட்டிடுங்க. சுத்தமா இருந்தா ஐசி நல்லா இருக்கு, கடைக்காரர்கிட்ட வேற எதுவும் பேச வேண்டியதில்ல. அதுலயும் இரைச்சல் வந்தாலோ ஜாக் ஆடி லூஸா இருந்தாலோ ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கிப் போட்டுக்கங்க, சில நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சுடும், டிரைவர் எதுவும் தேட வேண்டாம், சொருகினதும் விண்டோஸ் எடுத்துக்கும். வாங்கறப்ப ஓட்டையை மட்டும் பாத்து வாங்குங்க. ஹெட்போன் தனி மைக் தனின்னு ரெண்டு ஓட்டை இருந்தா அதுவும் பெரும்பாலும் மூணு பாக ஜாக்தான், உங்க மொபைல் இயர்போனை அதுல சொருகினா குரல் அங்கயும் காணாம போகலாம். ஒரே ஓட்டை, பக்கத்துல மைக்கோட சேர்ந்த ஹெட்செட் படம் போட்டது கிடைச்சா ஸ்ப்ளிட்டர் கூட வேண்டாம்.